நிசான் மார்ச்: முதல் தலைமுறையா, இரண்டாவதா?

மார்ச் என்பது ஜப்பானின் நிசான் செய்த குட்டி கார். ஐரோப்பாவில் மைக்ரா என்று ஓடியதும் இதே மார்ச்தான். 1982இல் வந்த முதல் தலைமுறை பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும். 987 சிசி எஞ்சின், கார்புரேட்டர், அவ்வளவுதான். 1992இல் வந்த இரண்டாவதில் மூலையெல்லாம் உருண்டுவிட்டது. எஞ்சினும் புதுசு, 16 வால்வு. கியர் மாற்ற அலுப்பாக இருந்தால் சிவிடி என்ற தானியங்கி கியர்பாக்ஸும் உண்டு. இங்கிலாந்தின் சண்டர்லாந்து ஆலையிலும் தயாரானது. 1993இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் விருதையும் வாங்கியது. ஒரு ஜப்பானியக் காருக்கு அதுவே முதல் முறை.

சரி, பழசு சோப்ளாங்கியா? இல்லை. 1989இல் வந்த அதன் சூப்பர் டர்போ வகையில் 930 சிசி எஞ்சினை வைத்து, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர், டர்போ இரண்டையும் சேர்த்துப் பூட்டி 110 குதிரைத்திறன் எடுத்தார்கள். குட்டி வண்டிக்கு இது கொஞ்சம் ஓவர்தான்! தினசரி ஓட்ட இரண்டாவதையே எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தச் சூப்பர் டர்போ.