மான் வேட்டைக்கு ஸ்லக்: 12 கேஜ் பம்பா, 20 கேஜ் போல்ட்டா?

நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் மாதிரி சில அமெரிக்க மாநிலங்களில் மான் வேட்டைக்குச் சாதாரண ரைஃபிளை எடுத்துப்போக முடியாது. துப்பாக்கி என்றால் பெரும்பாலும் ஷாட்கன்னும், அதில் போடும் ஸ்லக் என்ற ஒற்றைக் கனமான குண்டும்தான் வழி. ஒன்பது பருவங்கள் வழவழப்பான பேரல் (குழல்) கொண்ட 12 கேஜ் பம்பில் சுட்டேன்; முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் துப்பாக்கி அது. கேஜ் என்பது குழலின் அளவு, எண் குறைந்தால் குழல் பெரிது. இப்போது உள்ளே வரி வெட்டிய பேரல் உள்ள 20 கேஜ் போல்ட் ஆக்‌ஷன் (கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை), சாவேஜ் 220. மாறியது சரி என்றே நினைக்கிறேன்.

முதலில் தோட்டா. ஃபாஸ்டர் ஸ்லக் வழவழ பேரலுக்கானது. அதன் உடம்பில் சாய்வாக வரிகள் இருப்பதால் தானே சுழன்று போகும் என்று பலர் நம்புகிறார்கள். அது நேராகப் போவதற்கு உண்மைக் காரணம், தலைப்பக்கம் கனமாகவும் பின்பக்கம் குடைவாகவும் இருப்பதுதான். இறகுப்பந்து தலையை முன்னால் வைத்துப் பறப்பதைப் போல. சேபாட் ஸ்லக் பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒல்லியான குண்டு. பேரலின் வரிகள் அந்த உறையைப் பிடித்துச் சுழற்றும், வெளியே வந்ததும் உறை கழன்றுவிடும். வழவழ பேரலில் சேபாட்டைப் போட்டால் சுழற்சி கிடைக்காமல் தடுமாறும், காசுக்குத்தான் கேடு. வரி பேரலில் ஃபாஸ்டரைச் சுட்டால் ஈயம் வரிகளில் அப்பிக்கொள்ளும். தேய்த்து எடுக்க ஒரு சாயங்காலம் போய்விடும்.

பம்பின் நல்ல குணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. புதருக்குள் கிட்டத்தில் எழுந்து ஓடும் மானுக்கு அடுத்த தோட்டா உடனே வந்து நிற்கும். ஃபாஸ்டர் ஸ்லக்கின் விலையும் குறைவு. 75 கெஜத்துக்குள் சுடும் காடு என்றால் அதுவே போதும்.

என் முடிவைத் தீர்மானித்தது, சுடும்போது துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதை. 12 கேஜ் ஃபாஸ்டர் வழக்கமாக ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் ஈயம். வினாடிக்குச் சுமார் 1,600 அடி வேகத்தில் கிளம்பும். அந்த உதை மானைச் சுடும்போது தெரியாது. பரபரப்பில் தோள் எதையும் உணராது. பயிற்சி மேடையில் உட்கார்ந்து சுடும்போதுதான் தெரியும். ஐந்து தோட்டா சுட்டதும் போதும் என்று எழுந்துவிடுவேன். ஒருநாள் நண்பர் எனக்குத் தெரியாமல் நடுவில் ஒரு போலித் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். ட்ரிகரை அழுத்தினேன், சத்தம் வரவில்லை, ஆனால் பேரல் முனை மட்டும் சட்டென்று கீழே குனிந்தது. உதைக்குப் பயந்து உடம்பு முன்கூட்டியே தள்ளியிருக்கிறது. முந்தைய பருவத்தில் காயத்தோடு ஓடி, இருட்டும்வரை தேடியும் கிடைக்காத மானின் காரணம் அப்போதுதான் புரிந்தது. அது இன்னும் உறுத்துகிறது.

20 கேஜ் சேபாட்டில் 250 கிரெய்ன் குண்டு, சுமார் 16 கிராம், 1,800 அடி வேகத்தில் போகிறது. மானுக்கு அது தாராளம். தோளுக்கு வித்தியாசம் முதல் தோட்டாவிலேயே தெரியும். இப்போது ஒரே அமர்வில் பதினைந்து சுடுகிறேன், பேரல் முனை அசைவதில்லை. 12 கேஜிலும் சேபாட் உண்டு, ஆனால் 300 கிரெய்ன், 2,000 அடி என்று போகும்போது உதை மறுபடியும் வந்துவிடுகிறது.

இன்னொன்று, கழற்றி மாட்டும் பம்ப் பேரல் ரிசீவரில் (பேரல் பொருந்தும் துப்பாக்கியின் நடு உடலில்) லேசாக ஆடலாம். ஸ்கோப் ரிசீவரில் இருந்தால் குறி நகரும். ஸ்கோப்பைப் பேரலோடு சேர்ந்த தாங்கியில் மாட்டினால் இது தீரும். போல்ட்டில் பேரல் இறுக்கமாகவே இருக்கிறது.

சேபாட்டில் ஒரு தொல்லை: ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு பிராண்டுதான் ஒத்துப்போகும். மூன்று வகையைச் சுட்டுப் பார்த்தேன். இரண்டு 100 கெஜத்தில் தட்டு அகலத்துக்குச் சிதறின, ஒன்று உள்ளங்கைக்குள் விழுந்தது. அதிலேயே பல பெட்டிகள் வாங்கி வைத்துவிட்டேன், பெட்டிக்கு ஐந்துதான். 150 கெஜம் வரை போகும் என்கிறார்கள். நான் சுட்டவை எல்லாம் 90 கெஜத்துக்குள், அதனால் அதற்கு மேல் நான் சாட்சி இல்லை.

பம்பை விற்கவில்லை. வரி பேரலில் பறவைத் தோட்டா சுட்டால் சில்லுகள் வளையமாகச் சிதறி நடுவில் ஓட்டை விழும், ஆகவே வாத்துக்கும் வான்கோழிக்கும் பம்புதான். அப்புறம், வீட்டில் இரண்டு கேஜும் இருந்தால் ஒன்றில் கவனம் வேண்டும். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் பேரலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவையும் போட்டுச் சுட்டால் பேரல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது அதற்காகத்தான். ஆனாலும் துப்பாக்கியை மாற்றும்போதெல்லாம் என் கோட்டுப் பைகளைத் தலைகீழாக உதறிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.