‘எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்’ என்று சொல்லும் டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கார் ஓட்டப் படித்து லைசென்ஸ் எடுக்க நினைப்பவர்கள், முக்கியமாக வீட்டில் இருக்கும் பெண்கள், எங்காவது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்த ஸ்கூலின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் நடந்ததைச் சொன்னாலே, இதே மாதிரி நடத்தும் மற்ற இடங்களையும் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் வீடு திங்கள்சந்தை பக்கம். வீட்டுக்காரர் வெளிநாட்டில். கார் முற்றத்தில் நிற்கிறது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. அதனால்தான் சேர்ந்தேன். காருக்கும் டூ வீலருக்கும் சேர்த்து 9,500 ரூபாய், எல்.எல்.ஆர். (வண்டி பழகுவதற்கு முதலில் எடுக்கும் பழகுநர் உரிமம்) முதல் லைசென்ஸ் கையில் வரும் வரை எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார்கள். ‘நீங்க ஒண்ணும் அலையாண்டாம்க்கா, எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்’ என்றார் ஆபீஸில் இருந்த பையன். ரசீது கேட்டதற்கு, விசிட்டிங் கார்டின் பின்பக்கம் ‘அட்வான்ஸ் 5000’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். மீதியை ஓனரின் சொந்த நம்பருக்கு ஜிபே செய்யச் சொன்னார்கள். பின்னால் எனக்கு ஆதாரமாக நின்றது அந்த ஜிபே மட்டும்தான்.

முதலில் வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் என்பது பேச்சு. வண்டியில் எங்களை நாலு பேராக ஏற்றுவார்கள், ஆளுக்குக் கொஞ்ச தூரம் கொடுப்பார்கள், மற்ற நேரம் பின் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். மழை பெய்தால் அன்று வகுப்பு கிடையாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டத்தில் மழைக்கு லீவு என்றால் எப்போது படிப்பது? மழையில் ஓட்டத்தானே இங்கே முதலில் பழக வேண்டும்.

அதைவிடப் பெரிய ஏமாற்று காலடியில் நடந்தது. பயிற்சிக் காரில் சொல்லிக் கொடுப்பவர் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். ஆபத்து வந்தால் அவர் வண்டியை நிறுத்துவதற்காக வைத்தது அது. எங்கள் மாஸ்டர் கிளட்சில் இருந்து காலை எடுக்கவே இல்லை. நான் கியர் மாற்றினால் கிளட்சை அவர் மிதிப்பார், வேகம் குறைந்தால் பிரேக்கும் அவரே. ஸ்டியரிங் மட்டும்தான் என் கையில். வண்டி அவ்வளவு நைசாக ஓடும், ‘அக்கா நல்லா ஓட்டுதீங்க’ என்று வேறு சொல்வார். ஒருநாள் இறங்கும்போது குனிந்து அவர் பக்கம் பார்த்தேன். என் பக்கத்து கிளட்ச் பெடலின் ரப்பர் புதுசு போல இருந்தது, அவர் பக்கத்து ரப்பர் வழவழவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தது. இனிமேல் நீங்கள் மிதிக்க வேண்டாம், வண்டி நின்றால் நிற்கட்டும் என்று அவரிடம் சொன்னேன். ‘லேடீஸுக்கு இவ்வளவு போதும்க்கா, டெஸ்ட்ல பாஸாக்கி விட்டிருவோம்’ என்றார். அந்த வார்த்தையை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

நம்ம ஊர் ரோட்டில் கிளட்ச் தெரியாமல் ஓட்டினால் உயிருக்கு ஆபத்து. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கமெல்லாம் ஏற்றமும் இறக்கமும்தான். சானல்கரை (கால்வாய்க் கரை) ரோட்டில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் இருக்காது, ஒரு பக்கம் தண்ணீர், பல இடத்தில் தடுப்புச் சுவரும் இல்லை. பின்னால் ஜல்லியோ எம்-சாண்டோ ஏற்றிய டாரஸ் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். அங்கே ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்கத் தெரிய வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஓட்டுநர் தேர்வுக்கு எழுதியிருப்பதிலும் இது ஒன்று. எங்களுக்கு ஒரு நாள்கூட அதைச் சொல்லித் தரவில்லை.

அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. கார் மாதிரி சொந்த உபயோக வண்டிக்குப் பயிற்சிக் காலம் 21 நாளுக்குக் குறையக் கூடாது, நாம் நிஜமாக ஓட்டிய நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. எந்தத் தேதியில் எவ்வளவு நேரம் ஓட்டினோம் என்று ஸ்கூல் ஒரு பதிவேடு வைக்க வேண்டும், நாமும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஸ்கூலில் அந்தப் பதிவேட்டை வெளியே எடுத்தது ஒரே ஒரு தடவை. தேதி எழுதாத கட்டங்களில் மேலிருந்து கீழே வரை கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். என்னோடு படித்த கல்லூரிப் பிள்ளையிடம் வாங்கிவிட்டார்கள்.

அடுத்தது பேப்பர் வேலை. எல்.எல்.ஆர். தேர்வை நான்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கம்ப்யூட்டரில் எழுதினேன், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எல்.எல்.ஆர். பேப்பரை என் கையில் தரவில்லை, ‘வண்டியில இருக்கட்டும்’ என்றார்கள். விண்ணப்பத்தில் என் செல் நம்பருக்குப் பதிலாக ஸ்கூலின் நம்பரைப் போட்டிருந்தார்கள். ஓ.டி.பி., தேர்வுத் தேதி எல்லாம் அங்கேதான் போகும். விண்ணப்ப எண்ணும் நம்மிடம் இல்லையென்றால் லைசென்ஸ் விண்ணப்பத்துக்கான அரசின் சாரதி இணையதளத்தில் நம் பேப்பரை நாமே பார்க்க முடியாது. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆனால் தேர்வுக்குப் போகலாம், 6 மாதத்தில் அது காலாவதி ஆகிவிடும். கேட்கும்போதெல்லாம் ‘ஸ்லாட் இல்லக்கா’, ‘சர்வர் கிடைக்கல்லக்கா’. கடைசியில் காலாவதியாகும் சமயத்தில், ‘நாளைக்குக் காலையில வந்திருங்க’ என்று ராத்திரி போன். கூடவே ‘உள்ள குடுக்கணும்’ என்று 2,000 ரூபாய் கேட்டார்கள். யாருக்கு என்று கேட்டேன், பதில் இல்லை. கொடுக்கவில்லை.

மைதானத்தில் எட்டு போடுவதற்கு அண்ணன் மகனின் ஸ்கூட்டரோடு வரிசையில் நின்றேன். பிரேக் இன்ஸ்பெக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, ‘உங்களுக்குக் கார் மட்டும்தானேம்மா போட்டிருக்கு, டூ வீலரே இதுல இல்லையே’ என்றார். அப்போதுதான் என் எல்.எல்.ஆரை முதல் முறையாக நான் முழுசாகப் பார்த்தேன். இரண்டுக்கும் பணம் வாங்கிக்கொண்டு ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்திருக்கிறார்கள். ஸ்கூல் ஆளிடம் கேட்டால், டூ வீலருக்குத் தனியாக 3,500 ஆகும் என்கிறார், அதுவும் நாலு பேர் முன்னால், நான் ஏதோ தெரியாமல் பேசுவது போல. கார் தேர்வில் வண்டி இரண்டு தடவை குலுங்கி நின்றுவிட்டது. ‘கிளட்ச் கால் பழகவே இல்லையே’ என்றார் இன்ஸ்பெக்டர். அவர் சொன்னது சரிதான். பழகுவதற்கு அந்தப் பெடலை என்னிடம் விட்டால்தானே!

அரசுக்குக் கட்டும் பணம் எவ்வளவு என்று தெரிந்தால் இந்த 3,500 எவ்வளவு அநியாயம் என்று புரியும். மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு வண்டி வகை ஒவ்வொன்றுக்கும் 150, அந்தத் தேர்வுக்கு 50, ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு வகை ஒவ்வொன்றுக்கும் 300, லைசென்ஸுக்கு 200. சேவைக் கட்டணம் கொஞ்சம் மேலே வரும். மற்றதெல்லாம் ஸ்கூல் சொல்லிக் கொடுப்பதற்கு வாங்கும் கூலி. ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் அதைக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. நம்ம மாவட்டத்தில் அப்படி மனசாட்சியோடு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம் அந்த எல்.எல்.ஆர். காலாவதியாகிவிட்டது. புதிதாக நானே ஆன்லைனில் போட்டேன், என் நம்பரைக் கொடுத்து, காரும் டூ வீலரும் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து. எங்கள் அண்ணன் லைசென்ஸ் உள்ளவர், எல் போர்டு ஒட்டி அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து எங்கள் காரிலேயே பழகினேன். முதல் சில நாள் ஸ்டியரிங்கையே தொட வேண்டாம் என்றார். பள்ளிக்கூட மைதானத்தில் கிளட்சை மட்டும் மெல்ல மெல்ல விட்டு வண்டியை நகர்த்துவது, நிறுத்துவது, திரும்ப நகர்த்துவது. இரண்டும் பாஸாகி லைசென்ஸ் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இப்போது அட்டை தபாலில்தான் வீட்டுக்கு வருகிறது, அதனால் விண்ணப்பத்தில் நம்பரோடு விலாசமும் உங்களுடையதா என்று பாருங்கள்.

ஸ்கூலில் சேரத்தான் வேண்டும் என்றால், பணம் கொடுக்கும் முன் ஸ்கூல் நடத்த அவர்கள் வாங்கிய லைசென்ஸ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எந்தெந்த வகைக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். விண்ணப்ப எண் அன்றைக்கே உங்கள் கைக்கு வர வேண்டும். இரண்டாம் வாரத்திலும் மாஸ்டர் கால் கிளட்சிலேயே இருந்தால் அங்கேயே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்து மூலம் புகார் கொடுத்த பிறகு ஸ்கூல்காரர் கூப்பிட்டு 4,000 திருப்பிக் கொடுத்தார். மீதிக்காக நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே போடலாம். விவரம் கேட்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். இதே மாதிரி மாட்டியவர்கள் ஜிபே ஸ்கிரீன்ஷாட், விசிட்டிங் கார்டு, வாட்ஸ்அப்பில் பேசிய வாய்ஸ் எதையும் அழித்துவிடாதீர்கள். புகாரை ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். ஆபீஸில் நான் கேட்டபோது, அந்த ஸ்கூல் மேல் எழுத்தில் வந்த முதல் புகார் என்னுடையதுதான் என்றார்கள்.