அவசரப் பிரிவில் நெஞ்செரிச்சல்: எந்த மருந்து முந்தும்?

மேல்வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுராத்திரியில் அவசரப் பிரிவுக்கு வருகிறவருக்கு வேண்டியது ஒன்றுதான்: எரிச்சல் இப்போதே அடங்க வேண்டும். அதனால் இந்த மருந்துகளைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். வீரியத்தை வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

வீரியத்தில் பான்டோபிரசோல் ஊசிக்குத்தான் முதலிடம். வயிற்றுச் சுவரில் அமிலம் சுரக்கும் பம்பையே அடைத்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பம்புகளை மட்டும்தான் அது பிடிக்கும். ஏற்கெனவே வயிற்றில் தேங்கிக் கிடக்கும் அமிலத்தைத் தொடுவதே இல்லை. முழுப் பலன் தெரிய சில நாட்கள்கூட ஆகும். ஊசி போட்ட பத்தாவது நிமிடமே சரியாகிவிட்டது என்று ஒருவர் சொன்னால், கூடவே குடிக்கக் கொடுத்த ஆன்டாசிடுக்குத்தான் (அமிலத்தை முறிக்கும் திரவம்) அந்தப் புண்ணியம் சேர வேண்டும்.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஃபமோடிடின், பான்டோபிரசோலுக்கும் ஆன்டாசிடுக்கும் நடுவில் நிற்கிறது. நரம்பு வழியாகக் கொடுத்தால் சுமார் அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும், மாத்திரையென்றால் ஒரு மணி நேரம். பலன் 10 முதல் 12 மணி நேரம் நிற்கும், ராத்திரியை ஓட்டிவிடலாம். தினமும் போட்டால் உடம்பு பழகிப்போய் பலன் குறைவது இதன் குறை. ஒரே ஒரு ராத்திரிக்கு அது ஒரு பொருட்டில்லை.

வேகத்தில் ஆன்டாசிடை எதுவும் நெருங்காது. சுண்ணாம்புக் குழம்பு மாதிரி இருக்கும் அந்தத் திரவம் உள்ளே போன சில நிமிடங்களிலேயே அமிலத்தை முறித்துவிடும். அதில் உள்ள அலுமினியம் மலச்சிக்கல் தரும், மக்னீசியம் பேதியாக்கும். அதனால்தான் இரண்டையும் ஒரே பாட்டிலில் சேர்த்துவிட்டார்கள். வெறும் வயிற்றில் பலன் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது கஷ்டம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மக்னீசியம் உடம்பில் தங்கிவிடும், கவனம் தேவை.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற கலவை: ஆன்டாசிடோடு, பட்ட இடத்தை மரத்துப்போக வைக்கும் லிடோகெயின். குடித்ததும் நாக்கும் தொண்டையும் மரத்துப்போய், பேச்சு கொஞ்சம் குழறும். கசப்பு வேறு. மரப்பு தெளியும்வரை எதையும் சாப்பிடக் கூடாது, புரையேறிவிடும். இத்தனைக்கும் ஈடாகக் கூடுதல் பலன் உண்டா? 1990-ல் வந்த சிறிய ஆய்வு ஒன்று உண்டு என்றது. 2003-ல் வந்த ஆய்வில் ஆன்டாசிட் மட்டும் குடித்தவர்களுக்கும் கலவை குடித்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2020-ல் வெளியான ஆய்விலும் அரை மணி நேரம் கழித்து வலி குறைந்த அளவில் பெரிய வேறுபாடு இல்லை. குடிக்கச் சுலபம் என்று ஆன்டாசிட் மட்டும் குடித்தவர்கள்தான் சொன்னார்கள். என்னைக் கேட்டால், லிடோகெயினை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

அந்தக் கலவைக்கு இன்னொரு கெட்ட பெயரும் உண்டு. "குடித்ததும் வலி போய்விட்டது, அப்படியென்றால் கேஸ்தான், இதயம் இல்லை" என்று முடிவு கட்டும் பழக்கம் பல காலம் இருந்தது. மாரடைப்பு வலியும் அதே நேரத்தில் தானாகத் தணியலாம். அதனால் எந்த மருந்தை எடுத்தாலும், வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால், எரிச்சல் அடங்கி "நான் கிளம்பட்டுமா?" என்று கேட்கிறவரையும் இதயத் தசை பாதிப்பைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையின் அடுத்த முடிவு வரும்வரை கட்டிலில்தான் வைத்திருக்க வேண்டும்.