நாகர்கோவிலிலிருந்து விமானம் ஏற: திருவனந்தபுரமா, வாகைக்குளமா?

வடசேரியிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறக்குறைய 70 கி.மீ. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் சுமார் 110 கி.மீ. ஆனால் காரில் இரண்டுக்குமே இரண்டு மணி நேரக் கணக்குதான். பகலில் பல நாள் வாகைக்குளமே முந்தும்.

மேற்கே போகும் நெடுஞ்சாலை வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், களியக்காவிளை என்று கடைத்தெரு கடைத்தெருவாக ஊர்ந்து போகிறது. மேம்பாலம் வந்தபின் மார்த்தாண்டம் மட்டும் கொஞ்சம் மூச்சுவிடுகிறது. எல்லை தாண்டியதும் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் பக்கம் நேரே விடாதீர்கள். காரோட்டில் நான்குவழிச் சாலையைப் பிடித்தால் முக்கோலை, திருவல்லம், ஈஞ்சக்கல் வழியாக விமான நிலையம் இருக்கும் சாக்கைக்குக் கொண்டுவிடும். அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் ஒன்றே முக்கால் மணி நேரம். எட்டு மணிக்கு மேல் என்றால் இரண்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே பலர் தவறுவது முனையத்தில். சங்குமுகத்தில் முதல் முனையம், சாக்கையில் இரண்டாவது, நடுவில் ஓடுபாதை. மாறிப் போய்விட்டால் ஊரைச் சுற்றித்தான் வரவேண்டும். சென்னை போகும் உள்நாட்டு விமானம்தானே என்று சங்குமுகத்துக்கு வண்டியை விடாமல், டிக்கெட்டில் எந்த முனையம் என்று பாருங்கள். பங்குனி, ஐப்பசி ஆராட்டு நாள்களில் பத்மநாபசுவாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து கடற்கரைக்குப் போகும். அன்று மாலை சுமார் ஐந்து மணி நேரம் விமானமே கிடையாது. வாடகை கார் என்றால் கேரள பெர்மிட் செலவு வாடகையில் சேர்ந்ததா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கிழக்கே அந்தத் தொல்லை இல்லை. காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலை. திருநெல்வேலி ஊருக்குள் நுழையாமல் கே.டி.சி. நகரில் தூத்துக்குடி சாலைக்குத் திரும்பலாம். நாங்குநேரி சுங்கம் ஒரு செலவு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். மேலே பெட்டி கட்டியிருந்தால் வேகத்தைக் குறையுங்கள். 1,350 மீட்டராக இருந்த வாகைக்குளம் ஓடுபாதை இப்போது 3,115 மீட்டர். புதிய முனையம் 2025 ஜூலை 26-இல் திறக்கப்பட்டது. முன்பு ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள் மட்டுமே இறங்கிய இடம் இது. குறை என்னவென்றால் விமானங்கள் கொஞ்சம்தான். ஒன்று ரத்தானால் அன்றே மாற்று கிடைப்பது கஷ்டம். பேருந்தில் போகிறவர்கள் திருநெல்வேலியில் தூத்துக்குடி வண்டி ஏறும்முன் வாகைக்குளத்தில் நிற்குமா என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இடைநில்லாப் பேருந்து நிற்காமல் போய்விடும்.

விளவங்கோடு, கிள்ளியூர்க்காரர்களுக்கு வாகைக்குளம் யோசனையே வேண்டாம். மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் நாற்பது கிலோமீட்டர் சுமார்தான். வளைகுடா போகிறவர்களுக்கும் அதுதான். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்தார் சென்னைக்குப் போக, நேரம் ஒத்துவந்தால் வாகைக்குளமே நல்லது. மதுரை 235 கி.மீ. அளவு, நாலு மணி நேரம். திருவனந்தபுரத்தில் இல்லாத நேரடி விமானம் அங்கே இருந்தால் மட்டும்.

மாலையில் திருவனந்தபுரத்தில் இறங்குகிறவர்கள் காரை நம்பாதீர்கள். ஆட்டோவில் தம்பானூர் ரயில் நிலையம் ஆறு கிலோமீட்டர்தான். அங்கிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலில் 71 கி.மீ.; தக்கலை நெரிசல் அந்த வழியில் இல்லை.