காந்தக் குச்சி, நண்டுக் கொடுக்கு, பாம்புக் கேமரா: நாலு வருஷமாகக் கீழே போட்டு எடுத்த அனுபவம்

என்னிடம் இருப்பது 1997 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி, நாலு கியர், 796 சிசி, மூன்று சிலிண்டர். வீடு கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம்; சில்வர் பீச்சுக்கு நடந்தே போய்விடலாம். வண்டி பழசு என்பதால் மாதம் ஒருமுறையாவது பானட்டைத் தூக்கிவிடுவேன். கடல் பக்கத்தில் இருப்பதால் எந்த நட்டும் மரியாதையாகக் கழலாது. உப்புக்காற்றில் துருவேறிய நட்டு எவ்வளவு முக்கினாலும் அசையாமல் இருக்கும், பிறகு திடீரென்று ‘டக்’கென்று விட்டுக்கொடுக்கும். அந்த நொடியில் கை ஒரு பக்கம் போகும், ஸ்பேனர் ஒரு பக்கம் போகும். வைகாசி மாதம் என்றால் வியர்வையும் சேர்ந்துகொள்ளும்.

அப்படி விழுந்ததை எடுக்க நாலு வருஷத்துக்கு முன்னால் மூன்று சாமான்கள் வாங்கினேன். இழுத்து நீட்டும் காந்தக் குச்சி, ஸ்பிரிங் போல வளைந்துபோய் நாலு விரலால் கவ்வும் கொடுக்கு, போனில் மாட்டிப் பார்க்கும் வயர் கேமரா. முதல் இரண்டும் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியவை, 120 ரூபாயும் 180 ரூபாயும். கேமரா ஆன்லைனில் 750. வாங்கிய வாரமே எழுதியிருந்தால் மூன்றையும் புகழ்ந்து தள்ளியிருப்பேன்.

அதிகம் கையில் எடுத்தது காந்தக் குச்சியைத்தான். மூடினால் சட்டைப் பையில் பேனா மாதிரி நிற்கும், நீட்டினால் இரண்டடிக்கு மேல் போகும். நுனியில் சுண்டுவிரல் நகமளவு நியோடிமியம் காந்தம். மூன்றரைக் கிலோ தூக்கும் என்று அட்டையில் போட்டிருந்தான். தட்டையான கனத்த இரும்பில் முழுசாக ஒட்டினால் ஒருவேளை தூக்கலாம். நட்டைத் திருகும் உருண்டையான சாக்கெட்டில் ஓர் ஓரம்தான் தொடும், அதில் எண்ணெய்ப் பசை வேறு இருக்கும். அரைக் கிலோ வந்தாலே பெரிய விஷயம். ஆனால் நமக்கு விழுவது பத்தாம் நம்பர் சாக்கெட், பன்னிரண்டாம் நம்பர் நட்டு, வாஷர். அதற்கு இது தாராளம்.

இதன் தொல்லை வேறு மாதிரி. இன்ஜினுக்குள் விட்டதும் போகிற வழியில் உள்ள இரும்பில் எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட்டர் மோட்டாரில் ஒட்டும், பிராக்கெட்டில் ஒட்டும், விடுவித்தால் அடுத்ததில் ஒட்டும். எடுக்க வேண்டிய நட்டு பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். ஆறு மாதம் இதோடு மல்லுக்கட்டிய பிறகுதான், எலக்ட்ரீசியன் வேலை முடித்து விட்டுப்போன பிவிசி பைப் துண்டு ஒன்றை நுனியில் மாட்டினேன். காந்தத்தின் முகம் மட்டும் தெரிகிற மாதிரி, சுற்றுப்பக்கம் மூடியபடி. அதற்குப் பிறகு பக்கவாட்டில் ஒட்டுகிற பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்தது.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. 2011 டிசம்பர் தானே புயலில் போர்டிகோ ஷீட் பறந்தது. அப்புறம் போடவே இல்லை. வேலையெல்லாம் வேப்பமரத்தடி மணலில்தான். மணலில் விழுந்த நட்டைத் தேட காந்தத்தை விட்டால், எடுக்கும்போது அதற்குக் கருப்பாகத் தாடி முளைத்திருக்கும். கடற்கரை மணலில் கலந்திருக்கும் இரும்புத்தாதுத் துகள்கள் அவை. துடைத்தால் போகாது, விரலால் வழித்தால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகரும், அவ்வளவுதான். இப்போதெல்லாம் காந்தத்துக்கு முதலில் ஒரு பாலித்தீன் கவர் போட்டுத்தான் மணலில் விடுகிறேன். வெளியே எடுத்து, கவரை உள்பக்கம் வெளியாகப் புரட்டி உருவினால் தாடி கவரோடு போய்விடும். மகன் அந்தக் கருமணலை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறான். எதற்கென்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது வருஷம் நுனிக் காந்தத்தின் நிக்கல் முலாம் ஓர் ஓரத்தில் உரிந்தது. உரிந்த இடத்தில் உப்புக்காற்று புகுந்து, காந்தம் சாம்பல் நிறத்தில் பூத்து உதிர ஆரம்பித்தது. நியோடிமியத்துக்கு மேல்பூச்சு போனால் ஆயுசு அவ்வளவுதான். ஒரு நாள் சைலன்சர் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தபோது தலையே கழன்று, வண்டிக்கு அடியில் குறுக்கே போகும் இரும்புச் சட்டமான கிராஸ் மெம்பரில் ஒட்டிக்கொண்டது. விழுந்ததை எடுக்க வந்தவன் விழுந்துவிட்டான். அதை எடுக்க லாரன்ஸ் ரோட்டில் போய் இன்னொரு குச்சி வாங்கி வந்தேன். காந்தத்தைக் காந்தத்தால் எடுப்பதில் ஒரு வேடிக்கை, ஒரு முகம் காட்டினால் தள்ளும், மறுமுகம் காட்டினால் பாய்ந்து வரும். நமக்கு எந்த முகம் வாய்க்கிறது என்பது அன்றைய நேரம். இப்போது உள்ளது அந்த இரண்டாவது குச்சிதான். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் உள்ளே வைக்கிறேன், முலாம் இன்னும் நன்றாக இருக்கிறது. நுனியில் விளக்கு உள்ள ரகமும் விற்கிறார்கள். வாங்காதீர்கள். உள்ளே உள்ள பட்டன் பேட்டரி கசிந்தால் விளக்கு போவது மட்டுமில்லை, குச்சியும் இறுகிவிடும்.

கொடுக்கு காந்தத்துக்கு அகப்படாதவற்றுக்காக வாங்கியது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள பித்தளை ஜெட், அலுமினிய வாஷர், பிளாஸ்டிக் கிளிப், சில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹோஸ் கிளிப். எது ஒட்டும் எது ஒட்டாது என்பது கடையில் தெரியாது. எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரிலேயே சிலது ஒட்டுகிறது, சிலது ஒட்டவில்லை. (இதைச் சோதிக்கப்போய் சமையலறையில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.) பின்னால் உள்ள பட்டனை அமுக்கினால் நாலு கம்பி விரல் விரியும், விட்டால் நண்டுக் கொடுக்கு மாதிரி கவ்வும். பிளாஸ்டிக் கிளிப்பை அழகாகப் பிடிக்கும். வழவழப்பான சாக்கெட்டைப் பிடிக்கச் சொன்னால் கைவிரித்துவிடும். தூக்கும், பாதி வழியில் நழுவவிடும், இரண்டாவது முறை முன்னைவிட ஆழத்தில் விழும். இரண்டு தடவை அப்படி ஆனதும் எஃகுச் சாமானுக்கு அதை எடுப்பதையே விட்டுவிட்டேன். முழுக்க வளைத்துவிட்டால் உள்ளே இருக்கும் கம்பி இறுகிப் பட்டன் அமுங்காது. வருஷத்துக்கு நாலைந்து முறை வேலை வருகிறது. வந்த அன்றைக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை என்பதால் வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கட்டாயம். குச்சியோ கொடுக்கோ, உள்ளே விடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். இரண்டுமே முழு இரும்பு. ஒரு முனை ஸ்டார்ட்டர் மோட்டார் டெர்மினலிலும் நடுப்பகுதி பாடியிலும் பட்டால் தீபாவளிதான். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் கழற்றப்போனால் ஸ்பேனர் பாடியில் பட்டாலே போதும், பொறி பறக்கும். என் பத்தாம் நம்பர் ரிங் ஸ்பேனரில் ஒரு கருகல் தழும்பு இருக்கிறது. அது இந்தப் பாடம் தெரிவதற்கு முந்தியது.

கேமரா வாங்கிய புதிதில் அடுப்புக்குப் பின்னால், பீரோவுக்கு அடியில், மகனின் காது வரைக்கும் பார்த்துவிட்டோம். வண்டியில்தான் சுமார். நுனியைச் சுற்றி ஆறு எல்இடி, அதன் வெளிச்சம் எண்ணெய் படிந்த இரும்பில் பட்டுத் திருப்பி அடிக்கும். நாலைந்து சென்டிமீட்டரில்தான் படம் தெளிவு, கிட்டே போனாலும் மங்கல், தள்ளிப்போனாலும் மங்கல். வயர் உள்ளே முறுக்கிக்கொண்டால் எது மேல், எது கீழ் என்று தெரியாது. வலப்பக்கம் தள்ளினால் படம் மேலே போகும். கூடவே கொடுக்கிற குட்டிக் காந்தமும் கொக்கியும் நுனியில் நிற்பதே இல்லை. குட்டிக் காந்தம் முதல் மாதமே எங்கோ விழுந்தது.

இவ்வளவு குறை சொன்னாலும் அதை வெளியே போடாததற்கு ஒரு நாள் காரணம். போன வருஷம் மழை ஆரம்பிக்கும் முன் ஏர் ஃபில்டர் மாற்றினேன். டப்பாவைத் தூக்கியபோது ஒரு வாஷர் கழன்று விழுந்தது. ‘டிங்’ என்று ஒரே ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. வழக்கமாக விழுகிற சாமான் இரண்டு மூன்று இடத்தில் தட்டித்தான் கீழே போகும், கடைசிச் சத்தத்தை வைத்தே இடத்தை ஊகிக்கலாம். ஒரே சத்தத்தோடு நின்றால் அடிவயிறு கலங்கும், ஏனென்றால் கார்புரேட்டர் வாய் அங்கேதான் திறந்து கிடக்கிறது. அன்றைக்கு மச்சான் வந்திருந்தார். உதவி செய்கிறேன் என்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, “ஸ்டார்ட் பண்ணட்டுமா மாப்ள?” என்றார்.

“சாவிய எடுத்துடுங்க மச்சான். ஆக்சிலேட்டர்ல கால் வெக்காதீங்க, கால கீழ எடுங்க!”

நான் கத்தியதில் வேப்பமரத்துக் காக்கை பறந்தது. கால் வைக்காதவரை உள்ளே காற்றுவழியைத் திறந்து மூடும் திராட்டில் தகடு மூடியிருக்கும், விழுந்தது அதன்மேல் உட்கார்ந்திருக்கும். பெடலை ஒரு மிதி மிதித்தால் தகடு திறந்து வாஷர் இன்ஜினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் போகும், அங்கிருந்து வால்வு, பிஸ்டன். அப்புறம் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைப் பிரிக்க வேண்டியதுதான். கேமராவை உள்ளே விட்டோம். தகட்டின் ஓரத்தில் வாஷர் பளபளவென்று கிடந்தது. காந்தக் குச்சியை விட்டேன், ஒரே தடவையில் வந்துவிட்டது. கார்புரேட்டர் பாடி இரும்பில்லை, தகடு பித்தளை. அதனால் காந்தத்துக்கு வழியில் ஒட்ட எதுவும் இல்லை. மச்சான் இன்றைக்கும் அந்த சீட்டில் உட்காரும்போது இரண்டு காலையும் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

சொன்னால் சிரிப்பீர்கள், நாலு வருஷத்தில் என்னை அதிகம் காப்பாற்றியது காசு கொடுத்து வாங்கியது எதுவும் இல்லை. மண்டபத்தில் இருந்து வந்த ஒரு கல்யாண ஃபிளெக்ஸ் பேனர். வண்டிக்கு அடியில் வெள்ளைப் பக்கம் மேலாக விரித்துவிட்டால் விழுந்தது மணலில் புதையாது, கண்ணுக்கும் தெரியும். கார்புரேட்டரைத் திறந்தால் வாயில் ஒரு சுத்தமான துண்டு, அதுவும் திரி பிரியாத பெரிய துண்டாக. எட்டாத இடத்தில் நட்டு மாட்டும்போது சாக்கெட்டுக்குள் ஒரு பொட்டு கிரீஸ், நட்டு அதில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். ஸ்பேனரின் வளையத்தில் நைலான் கயிறு கட்டி மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது பழைய மெக்கானிக் ஒருவர் சொல்லிக்கொடுத்தது. “தம்பி, கெணத்துல வாளி போடறவன் கயிறு இல்லாமயா போடுவான்?” என்றார். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு தகரத் தட்டுக்கு அடியில் ஒட்டி, கழற்றிய நட்டு எல்லாம் அதில். இதற்கெல்லாம் பிறகு காந்தக் குச்சியை எடுப்பது பாதியாகக் குறைந்துவிட்டது.

கீழே போயே ஆக வேண்டும் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அதுவும் மணலில். பலகை போட்டு, ஸ்டாண்ட் வைத்து, ஆட்டிப் பார்த்துவிட்டு.

புதிதாக வாங்குபவர்கள் காந்தக் குச்சி மட்டும் வாங்கினால் போதும். கையில் எடுத்து முழுக்க நீட்டி, நுனியை ஆட்டிப் பாருங்கள், தலை அசைந்தால் வைத்துவிடுங்கள். கொடுக்கு தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். கேமரா, அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருந்தால் கடன் வாங்குங்கள்.

மூன்றும் சேர்ந்து தோற்ற ஒரு சமாசாரமும் இருக்கிறது. இரண்டு வருஷம் முன்னால் ஒரு பன்னிரண்டாம் நம்பர் நட்டு கிராஸ் மெம்பர் ஓட்டை வழியாக உள்ளே போய்விட்டது. கேமராவில் தெரிகிறது. காந்தத்தை விட்டால் நாலு பக்கமும் இரும்பு, பிவிசி உறையோடு விடலாமென்றால் ஓட்டையில் நுழையவில்லை. கொடுக்கு நுழைகிறது, விரிய இடமில்லை. அதனால் வண்டிக்குக் கெடுதல் எதுவுமில்லை என்பதால் விட்டுவிட்டேன். செம்மண்டலம் பக்கம் எந்த வேகத்தடை ஏறினாலும் முன்னால் ‘கிணுக்’கென்று ஒன்று கேட்கும். பக்கத்து சீட்டிலிருந்து வீட்டம்மா, “உங்க நட்டு இன்னும் பத்திரமா இருக்குங்க” என்பாள்.