கண்டல் நடுவதா, பிள்ளைகளைப் படிப்பிப்பதா?

இந்த வருட நன்கொடைக்கு எங்கள் கொழும்புக் கம்பனியில் இரண்டு யோசனைகள்: கடலோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை நடுவது, அல்லது மலையகப் பிள்ளைகளின் உயர்தரப் (A/L) படிப்புக்கு உதவுவது.

கண்டல் நடுகை ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டதில் தப்பியது ஏறக்குறைய 200 ஹெக்டேர்தான். பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தை நட்டார்கள். பிறகு பராமரிக்கவும் ஆளில்லை. கொழும்போ 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. வெள்ளநீரைத் தாங்கும் சதுப்புகள் இங்கேயே இருக்கின்றன. அவற்றில் மண் நிரப்பாமலும் குப்பை சேராமலும் காக்கப் பணம் கேட்டால் எனக்கு முழுச் சம்மதம். புதிதாக நடுவதற்கென்றால் இல்லை.

இலவசக் கல்வி 1945 முதல் இருக்கிறது. ஆனாலும் பஸ் காசு, டியூஷன் காசு எல்லாம் பெற்றோர் தலையில்தான். மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம், கணிதம் படிப்பிக்க ஆசிரியர்களும் போதாது. ஒருமுறை கொடுக்கும் கொப்பியும் புத்தகப்பையும் இதைத் தீர்க்காது.

நான் படிப்புக்கே கை தூக்குவேன். ஐந்து பிள்ளைகள் என்றாலும் பரவாயில்லை. பரீட்சை முடியும்வரை மாதாமாதம் காசு போய்ச் சேர வேண்டும்.