கட்டணமா, மானியமா, கூட்டுறவா: வீட்டில் குழந்தை பார்க்கும் பெண்களுக்கு எது உதவும்?

சென்னையில் வேலைக்குப் போகும் தாய்மார் பலர் கைக்குழந்தையை ஒப்படைப்பது பெயர்ப்பலகை வைத்த காப்பகத்தில் அன்று. அடுத்த தெருவில், தம் வீட்டுக் கூடத்திலேயே சில பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்காவிடம்தான். அங்கன்வாடியின் நேரம் பெரும்பாக்கத்திலிருந்து நகருக்குள் வீட்டுவேலைக்குப் பஸ் ஏறும் பெண்ணுக்கும், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்ப்பவருக்கும் போதாது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்கே காப்பக வசதியைக் கட்டாயமாக்கியது. வீட்டுவேலை செய்வோரை அது எட்டவே இல்லை.

அந்த அக்காவின் வருமானமும் அவர் தரும் கவனிப்பும் ஒருசேர உயர என்ன வழி? கட்டணத்தைக் கூட்டுவதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தலைக்கு 3,000 ரூபாய் வீதம் எட்டுக் குழந்தைகள் என்றால் மாதம் 24,000 ரூபாய். பால், எரிவாயு, மின்சாரம், உதவிக்கு வரும் ஆயாம்மாவின் கூலி எல்லாம் இதற்குள்தான். எட்டுப் பேரைச் சமாளிக்க முடியாமல் ஐந்தாகக் குறைத்தால், அதே தொகைக்குத் தலைக்கு 4,800 ரூபாய் கேட்க வேண்டும். 15,000 ரூபாய் சம்பாதிக்கும் தாய்க்கு அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அவர் விலகுவார், அக்கா மறுபடியும் எட்டுக்கே திரும்புவார். பெற்றோரின் பையிலிருந்து மட்டுமே பணம் வரும்வரை கவனிப்பும் வருமானமும் ஒன்றையொன்று தின்றுகொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது வழி, அரசு பெற்றோருக்கு மானியம் தருவது. பிரான்சில் வீட்டிலேயே குழந்தை பார்ப்பவர் 120 மணி நேரப் பயிற்சியும் அரசின் அனுமதியும் பெறுகிறார். பொதுவாக நான்கு குழந்தைகளுக்கு மேல் ஏற்பதில்லை. பெற்றோரே அவருடைய முதலாளிகள், செலவில் ஒரு பகுதியை அரசு அவர்களுக்குத் தருகிறது. ஏட்டில் அழகான ஏற்பாடு. ஆனால் கையில் கூலி வாங்கும் பெண்ணிடம் சம்பளச் சான்று கேட்கும் ஏற்பாடு, உதவி மிகவும் தேவைப்படுகிறவரையே வாசலில் நிறுத்திவிடும்.

மூன்றாவது, பார்த்துக்கொள்பவருக்கே அரசு மாத ஊதியம் தருவது. நான் சார்வது இந்தப் பக்கம். அதன் ஆபத்தையும் சொல்ல வேண்டும். கொலம்பியாவில் 1980-களில் தொடங்கிய சமூகத் தாய்மார் திட்டத்தில் பெண்கள் தம் வீடுகளிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பல்லாண்டுகள் சொற்ப உதவித்தொகையில் உழைத்த பிறகு, 2014-இல்தான் குறைந்தபட்ச ஊதியத்துடன் பணி ஒப்பந்தம் கிடைத்தது. நம் நாட்டிலும் 'மதிப்பூதியம்' என்ற சொல்லுக்குள் இதே அநீதி ஒளிந்திருக்கிறது. 2017-இன் தேசியக் காப்பகத் திட்டம் பணியாளருக்கு நிர்ணயித்தது மாதம் 3,000 ரூபாய். அங்கன்வாடிப் பணியாளருக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று சொல்ல 2022-இல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. ஆகவே தொகை தொடக்கத்திலேயே ஊதியம் என்ற பெயரில், குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்போடு வர வேண்டும். குறைவாகச் சேர்த்தால் வருமானம் குறையாது என்ற உறுதி கிடைத்தால்தான் அந்த வரம்பை யாரும் மதிப்பார்கள்.

கூட்டுறவு இதற்குப் போட்டியன்று, துணை. அகமதாபாத்தில் சுயதொழில் பெண்களின் சங்கமான சேவாவைச் சேர்ந்த பெண்கள் நடத்தும் குழந்தைப் பராமரிப்புக் கூட்டுறவு மையங்களாக இயங்குகிறது, வீடுகளாக அன்று; எனினும் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு. என் மகளை இரண்டாண்டுகள் பார்த்துக்கொண்ட அக்கா காய்ச்சலோடும் கதவைத் திறந்துவைத்தார். அவர் படுத்தால் ஐந்து வீட்டுத் தாய்மார் வேலைக்குப் போக முடியாது. மாற்று ஆள், விடுப்பு, மொத்தமாகப் பால் வாங்குதல் ஆகியவற்றை மகளிர் சுய உதவிக்குழுக்கள் இங்கே எளிதாகச் செய்யலாம். ஆனால் புதுப்பணத்தைக் கூட்டுறவு தானாக உண்டாக்காது.

அரசு ஊதியம் தர வேண்டுமானால் இந்த வீடுகள் பதிவாக வேண்டும். பதிவு என்றதும் எனக்கு வரும் கவலை ஒன்றே. மழலையர் பள்ளிகளுக்கான 2015-ஆம் ஆண்டு விதிகளை ஒரே கூடம் உள்ள வீட்டின்மேல் சுமத்தினால் இந்தப் பெண்கள் மறைந்துகொள்வார்கள். கேட்க வேண்டியவை சில: எத்தனை குழந்தைகள், கொதிக்கவைத்த நீர், முதலுதவிப் பயிற்சி, மாதம் ஒருமுறை வந்து உடனிருந்து சொல்லித்தரும் ஒருவர். பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் குடியிருப்புகளில் பால்கனிக்குக் கம்பித் தடுப்பும் அவசியம்; அந்தச் செலவை அக்காவின் தலையில் கட்டாமல், பதிவு செய்யும் நாளிலேயே அரசு போட்டுத்தர வேண்டும்.